மறந்துவிடு என்கிறார்கள்!

"நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு!" என்று சொல்வது எளிது. சொல்பவனுக்குச் செலவில்லை. வீடு எரிந்தவனிடம், உடன்பிறந்தானைப் பறிகொடுத்தவனிடம், பிறந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவனிடம் இதைச் சொல்லும் நல்லவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நம் நாட்டு நல்லவர்களோ, கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "எல்லாம் தலைவிதி!" மறதி, தலைவிதி என்ற இந்த இரு மருந்துகளும் எந்த நோய்க்குத் தரப்படுகின்றன, தருபவர் யார், தின்றவன் என்ன ஆகிறான் என்பதைத்தான் இங்கே பேச எண்ணுகிறோம்.

முதலில் கடலுக்கு அப்பால் நடந்ததைப் பார்ப்போம். ஹிட்லரின் ஆட்சி அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றது. 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்தபோது, எலும்பும் தோலுமாக எஞ்சியவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். அவர்கள் வீட்டில் வேறொருவன் குடியிருந்தான். கதவைத் தட்டியவனை, "இன்னுமா உயிரோடிருக்கிறாய்?" என்று கேட்டார்கள். போலந்து நாட்டின் கீல்சே நகரில், போர் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, 1946 ஜூலையில், அப்படித் திரும்பி வந்தவர்களில் 42 பேரை ஊரே கூடி அடித்துக் கொன்றது. வேறு போக்கிடமின்றி, கொன்றவனுடைய நாடான ஜெர்மனியிலேயே, நேச நாட்டுப் படைகள் நடத்திய முகாம்களுக்குள் அவர்கள் புகுந்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி முகாம்களில் இப்படித் தங்கிய யூதர்கள் இரண்டரை இலட்சம் பேர். அவர்கள் நிலையை அறிந்து வர, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1945 இல் ஹாரிசன் என்பவரை அனுப்பினார். விடுதலை பெற்றவர்கள் இன்னும் முள்வேலிக்குள் இருக்கிறார்கள், சிலர் உடுத்தியிருப்பது அதே பழைய சிறைக் கோட்டு உடை என்று அவர் எழுதி அனுப்பினார்.

அமெரிக்காவை வள்ளல் என்று போற்ற நாம் இதைச் சொல்லவில்லை. 1939 இல், 'செயிண்ட் லூயிஸ்' என்ற கப்பலில் 937 பேர், பெரும்பாலும் யூதர்கள், அடைக்கலம் தேடி அட்லாண்டிக் கடலைக் கடந்தார்கள். கியூபா கதவை அடைத்தது. அமெரிக்காவும் அடைத்தது. மயாமி நகரத்து விளக்குகள் கண்ணுக்குத் தெரிய, கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. திரும்பியவர்களில் 254 பேர் பின்னர் ஹிட்லருக்கு இரையானார்கள். நம் மாணவர்கள் பெயரறிந்த ஆன் பிராங்க் என்ற சிறுமியின் தந்தையும், 1941 இல் அமெரிக்காவுக்குள் நுழையும் அனுமதிக்காக எழுதி எழுதி ஓய்ந்தவர்தான். அந்த அனுமதி கிடைத்திருந்தால் உலகுக்கு ஒரு நாட்குறிப்பு கிடைத்திருக்காது. ஒரு பெண் உயிரோடிருந்திருப்பாள்! போருக்குப் பின் 1948 இல் இயற்றிய சட்டத்திலும் வஞ்சகம் இருந்தது. 1945 டிசம்பர் 22 க்கு முன் முகாமுக்கு வந்தவர்க்கே இடம் என்று ஒரு தேதி வைத்தார்கள். கீல்சே படுகொலைக்கு அஞ்சி ஓடி வந்தவன் அந்தத் தேதிக்குப் பிந்தியவன். ஆகவே அவனுக்கு இடமில்லை! கண்டனம் எழுந்தது. 1950 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். கடைசி முகாம்களில் ஒன்றான பேரென்வால்ட் 1957 இல் மூடப்பட்டது. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள். இந்தப் பன்னிரண்டு என்ற எண்ணைத் தோழர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம்.

அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? நியூயார்க் தையற்கூடங்களில் ஊசி பிடித்தார்கள். நியூ ஜெர்சியில் வைன்லாந்து என்ற ஊரைச் சுற்றிக் கோழிப் பண்ணை வைத்தார்கள். முன்கையில் ஆஷ்விட்ஸ் முகாமில் பச்சை குத்திய எண்ணைச் சட்டைக் கைக்குள் மறைத்துக் கொண்டார்கள். பேச வாயெடுத்தபோது, உறவினர்களே தடுத்தார்கள். "இங்கே எங்களுக்கும் தொல்லைதான், சர்க்கரைக்குப் பங்கீடு வைத்துவிட்டார்கள்" என்றார்களாம்! மகனை நெருப்பில் பறிகொடுத்தவளிடம் சர்க்கரைத் தட்டுப்பாட்டைச் சொல்லி ஆறுதல் கூறிய அறிவை என்னென்பது! மறந்துவிடு, புது நாடு, புது வாழ்வு என்பதே அன்றைய உபதேசம்.

அவர்கள் மறக்கவில்லை. மறக்க மறுத்தவர்களுக்கு முன்னோடியும் இருந்தார்கள். வார்சா நகரத்துச் சேரியில் அடைபட்டுக் கிடந்த காலத்திலேயே, இம்மானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் ஒரு மறைவான குழுவைத் திரட்டினார். ரொட்டிப் பங்கீட்டுச் சீட்டு, பள்ளிச் சிறுவன் எழுதிய கட்டுரை, சுவரொட்டி, அண்டை வீட்டுக்காரன் பசியால் செத்த நாள் என எல்லாவற்றையும் சேர்த்துத் தகரப் பெட்டிகளிலும் இரண்டு பால் கேன்களிலும் வைத்து மண்ணில் புதைத்தார்கள். ரிங்கல்பிளம் 1944 இல் கொல்லப்பட்டார். குழுவில் மிகச் சிலரே மிஞ்சினர். ஆனால் 1946 இல் ஒரு பகுதியும், 1950 இல் இன்னொரு பகுதியும் தோண்டி எடுக்கப்பட்டன. மாண்டவர்கள் சான்று சொன்னார்கள்! 1946 இல் டேவிட் போடர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், எஃகுக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பிய முகாம்களுக்குப் போய், ஏறத்தாழ 130 பேரின் குரலை அவரவர் மொழியிலேயே பதிந்து வந்தார். நாடு அதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொள்ளவில்லை. 1961 இல் எருசலேமில் ஐக்மன் என்ற கொலைத் தலைவன் மீது வழக்கு நடந்தபோது, நூற்றுக்கு மேற்பட்டோர் கூண்டிலேறிச் சொன்ன பிறகே உலகம் காது கொடுத்தது. 1977 இல், சிகாகோவை அடுத்த ஸ்கோக்கி என்ற ஊரில், தப்பிப் பிழைத்தோர் பெருந்தொகையாகக் குடியிருந்த தெருக்களில், ஹிட்லரின் சின்னத்தோடு ஊர்வலம் போகச் சிலர் கிளம்பினார்கள். அதுவரை வாய்மூடியிருந்த கிழவர்கள் அன்று எழுந்து நின்றார்கள். பள்ளிகளுக்குப் போய்ப் பேசத் தொடங்கினார்கள். 1979 இல் நியூ ஹேவன் நகரிலே படக் கருவி முன் அமரவைத்துச் சான்றுகளைத் திரட்டத் தொடங்கினார்கள். 1994 இல் திரைப்பட இயக்குநர் ஸ்பீல்பெர்க் தொடங்கிய நிறுவனம் 50,000 க்கு மேற்பட்டோரின் வாக்குமூலத்தைப் பதிந்து வைத்திருக்கிறது. "அப்படி ஒன்றும் நடக்கவேயில்லை" என்று புளுகுபவன் இன்றும் உண்டு. ஆனால் அவன் முன்னே 50,000 முகங்கள் நிற்கின்றன.

காட்டூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நம் தெருவிலிருந்து தஞ்சைச் சாலையைப் பிடித்துக் கிழக்கே போங்கள். திருவெறும்பூரையும் கொதிகலன் தொழிற்சாலையையும் கடந்தால் ஓர் ஊர் வரும். பெயர் வாழவந்தான்கோட்டை. எவ்வளவு பொருத்தமான பெயர்! வாழ வந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தெற்கே விமான நிலையத்தை ஒட்டிய கொட்டப்பட்டில் இன்னொரு கூட்டம். ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் முகாம்கள் இவை. காட்டூரில் நாம் குடியிருக்கும் வீடுகள் பலவற்றின் சுவருக்கு வண்ணம் பூசியவர்கள் இந்த முகாம்களின் இளைஞர்கள். ஏணி மேல் நிற்பவனிடம், "தம்பி, இரண்டாவது பூச்சு எப்போது?" என்று கேட்டிருக்கிறோம். உன் பாட்டி எந்தப் படகில் வந்தாள் என்று கேட்டதுண்டா?

அறுபது இலட்சம் பேரை ஆலை வைத்து அழித்த கொடுமையும் ஈழத்துக் கொடுமையும் அளவில் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. பிணங்களைத் தராசில் ஏற்றுவது பகுத்தறிவாளர் வேலையன்று. ஆனால் முறையைப் பாருங்கள். ஹிட்லர் முதலில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. 1933 இல் பெர்லின் வீதியில் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். 1935 இல் நூரெம்பர்க் சட்டத்தால் யூதரின் குடியுரிமையைப் பறித்தார்கள். இலங்கையில் 1948 இல், விடுதலை வந்த அதே ஆண்டில், மலையகத் தமிழர் ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கினார்கள். 1956 இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்றார்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். சாம்பலானவை 97,000 நூல்கள். 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழன் வீடு எது, கடை எது என்று பொறுக்கி எரித்தார்கள். வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே, அரசின் காவலில் இருந்த 53 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, கடைசிச் சில மாதங்களில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை மடிந்திருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011 இல் சொன்னது.

இப்போது சொல்லட்டும் விதிவாதிகள்: வாக்காளர் பட்டியலை அச்சடித்தது விதியா, அரசு அச்சகமா? அதைக் காடையன் கையில் கொடுத்தது ஊழ்வினையா, ஆளா? தலைவிதி என்று சொன்னவுடன் குற்றவாளி தப்பிவிடுகிறான். கூண்டில் நிற்க வேண்டியவனுக்குப் பதிலாக, அடிபட்டவனுடைய முற்பிறப்பை நிறுத்துகிறார்கள். இதைவிடக் கொலைகாரனுக்குக் கைகொடுக்கும் தத்துவம் உண்டா?

நம் திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறைக்கு ஆடி அமாவாசையன்று போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பார்கள். பெயரைச் சொல்கிறார்கள், சரி. அந்தப் பாட்டன் எப்படி வாழ்ந்தான், யாரால் எதனால் செத்தான் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆற்றில் விட்ட நீர் ஆற்றோடு போகிறது. வார்சாவில் ஒருவன் தகரப் பெட்டியில் வைத்த காகிதமோ எண்பது ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழனே எடுத்துக்காட்டு. அதே உலகப் போரில், 1942-43 இல், ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டார்கள். வேலை வாங்கப்பட்ட வெள்ளைச் சிப்பாய்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். கஞ்சனபுரியில் அவர்களில் பலருக்குக் கல்லறை, கல்லிலே பெயர், பூச்செடி. அதே பாதையில் மாண்ட ஆசியக் கூலிகள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம். அவர்களில் பெரும்பாலோர்க்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. 1957 இல் அந்தப் பாதையைப் பற்றி எடுத்த ஆங்கிலப் படம் ஏழு ஆஸ்கர் பரிசுகள் வாங்கியது. வெள்ளைச் சிப்பாயின் வீரத்தைக் காட்டியது. நம்மவனுக்கு அங்கே கதை இல்லை. அரை நூற்றாண்டு கழித்து மலேசியத் தமிழர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். பர்மாவிலிருந்து நடந்து வந்த பயணத்தை வெ. சாமிநாத சர்மா எழுதி வைத்தார். அவர் எழுத்தாளர், எழுதினார். அதே காட்டுவழியில் மூட்டை சுமந்து வந்து செத்த கூலியின் கதையை எழுத யார் இருந்தார்கள்?

இதே தவறுதான் நம் கண்ணெதிரே மறுபடியும் நடக்கிறது. 1983 இல் முப்பது வயதாக இருந்தவளுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. மன்னாரிலிருந்து படகேறிய இரவு, மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட விடியல், குழந்தையின் வாயைப் பொத்திய கை, பசிக்குக் குடித்த கடல்நீர் எல்லாம் அவளோடு போய்க்கொண்டிருக்கின்றன. மாதந்தோறும் ஏதோ ஒரு முகாமிலிருந்து ஒரு பாடை கிளம்புகிறது.

நாம் பாடம் சொல்லும் பள்ளியில் ஒருநாள் மாணவர் விவரப் படிவம் நிரப்பினோம். முகாம் பிள்ளை ஒருவன், 'பிறந்த ஊர்' என்ற இடத்தில் திருச்சி என்று எழுதினான். 'நாடு' என்ற இடத்தில் இலங்கை என்று எழுதினான். 'சொந்த ஊர்' என்ற இடத்துக்கு வந்தவுடன் பேனாவை நிறுத்திவிட்டு, "ஐயா, இதில் என்ன எழுத?" என்றான். அவன் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. அவன் தாயும் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான். அவன் கேள்விக்கு விடை சொல்லவேண்டியது ஆசிரியரல்ல, டில்லி.

டில்லி என்ன சொல்கிறது? 1951 இல் உலக நாடுகள் செய்துகொண்ட அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 மார்ச்சில் விதிகளை வகுத்தார்கள். பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சிகள், கிறித்தவர்க்கு வழி உண்டு. முஸ்லிமுக்கு இல்லை. இலங்கையிலிருந்து வந்த எவருக்குமே இல்லை. மதத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு, அந்த மதத்தைச் சேர்ந்த ஈழத்தமிழனுக்குக்கூடத் திறக்கவில்லை என்பதைப் பட்டை போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்க வருவோர் விளக்கட்டும். 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 க்கு முன் வந்து பதிவுசெய்த ஈழத்தமிழர் மீது கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்காகத் தண்டனை இல்லை என்று ஓர் ஆணை வந்தது. தண்டிக்கமாட்டோம் என்பது சலுகை. குடிமகன் என்று ஏற்பது உரிமை. அமெரிக்காவின் 1948 சட்டத்தில் ஒரு தேதி வைத்து வஞ்சித்தார்கள், இரண்டே ஆண்டில் திருத்தினார்கள். அங்கே குடியேறியவன் ஐந்தாண்டு வாழ்ந்தபின் குடியுரிமை கேட்கலாம். ஐரோப்பாவின் முகாம்கள் பன்னிரண்டு ஆண்டில் காலியாயின. நம் முகாம்களுக்கு நாற்பது ஆண்டு நிறைந்துவிட்டது!

இதில் மனம் கொதிக்கும் செய்தி ஒன்று. முகாம்களில் இருப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மலையகத் தமிழர். இவர்களுடைய பாட்டனும் பூட்டனும் இதே திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் சீமைகளிலிருந்து கங்காணி பிடித்துச் சென்ற கூலிகள். வெள்ளையன் காலத்தில் மண்டபம் முகாமில் நிறுத்தி நோய் உண்டா என்று சோதித்துத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினான். நூறாண்டு உழைத்தபின் அங்கே அந்நியன் என்றார்கள். 1964 இல் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் உட்கார்ந்து, உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தேங்காயை எண்ணுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள். பேரன் மறுபடி அதே மண்டபத்தில் வந்து இறங்கினான், இப்போது அகதியாக. பாட்டன் புறப்பட்ட மாவட்டத்திலேயே பேரன் அயல்நாட்டான்! 2019 ஜூனில், கொட்டப்பட்டு முகாமினர் உள்ளிட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இவர்கள் விண்ணப்பங்களை ஆராயச் சொன்னது. கொட்டப்பட்டுப் பெண்ணொருவர், 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற விதியைக் காட்டி, 2022 இல் கடவுச்சீட்டுக்கு ஆணை பெற்றார். 2024 இல் முதல் வாக்கையும் போட்டார். ஒரு முகாமுக்கு ஒரு வாக்கு! ஊர் முழுவதும் செய்தி பேசியது. மற்றவர்கள்?

தமிழக அரசு செய்ததை மறைக்க வேண்டியதில்லை. 2021 இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட முன்வந்தது. குடும்பத் தலைவருக்கான உதவித்தொகையை மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தியது. நல்லது. ஆனால் புது வீட்டில் குடியிருப்பவனும் தணிக்கை நாளன்று வரிசையில் நின்று தலையைக் காட்ட வேண்டும். பொறியியல் பட்டம் பெற்றவனும் அரசு வேலைக்கு மனுப்போட முடியாது. வண்ண வாளியைத்தான் தூக்குகிறான்.

நம் பக்கத்தாரிடமும் இரண்டு சொல் சொல்லவேண்டும். மேடையில் ஈழம் என்று முழங்கிக் கைத்தட்டல் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேர் இந்த முகாமுக்குள் போய் ஒரு கிழவியின் எதிரே ஒரு மணி நேரம் வாய்மூடி உட்கார்ந்தார்கள்? முழக்கம் நினைவாகாது. இன்னொன்று, நினைவு என்றால் நமக்குப் பிடித்த பகுதியை மட்டும் பொறுக்குவதன்று. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரக் கெடு. அவர்களும் தமிழ் பேசியவர்கள், அவர்களும் மூட்டை கட்டினார்கள். அதை எழுதக்கூடாது என்பவன், சிங்களப் பேரினவாதி நம்மிடம் கேட்கும் அதே மறதியைத்தான் கேட்கிறான்.

இனி, வேலையைப் பற்றி. ஐம்பதாயிரம் பேரைப் பதிய ஹாலிவுட் பணம் வேண்டியிருக்கலாம். கொட்டப்பட்டையும் வாழவந்தான்கோட்டையையும் பதியப் பணம் தேவையில்லை. போடர் சுமந்த கருவியைவிடச் சிறந்த கருவி இன்று ஒவ்வொரு தோழரின் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஞாயிறுதோறும் இருவர் இருவராகப் போவோம். முகாமின் இளைஞர்களே கேள்வி கேட்கட்டும், நாம் உடனிருப்போம். பேத்தியிடம் சொல்வதைக் கிழவி நம்மிடம் சொல்லமாட்டாள். அதிகாரிகளின் அனுமதி வேண்டுமிடத்தில் எழுதிக் கேட்போம், மறுத்தால் மறுப்பை அச்சிடுவோம். என்ன பட்டீர்கள் என்று எடுத்தவுடன் கேட்கக்கூடாது. எந்த ஊர், வீட்டில் என்ன மரம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், படகுக்காரனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்போம். யாழ்ப்பாணத்தான் பேச்சை யாழ்ப்பாணத்தான் பேச்சாகவும், மலையகத்தாள் பேச்சை மலையகத்தாள் பேச்சாகவும் எழுதுவோம். செந்தமிழாக்குகிறேன் என்று திருத்தவேண்டாம். அங்கே இன்னும் உறவினர் இருப்பதால் அஞ்சுவோரின் பெயரை மாற்றுவோம். அழுதால் கருவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். ஒரு படி பேசியவருக்கு. ஒரு படி நம் படிப்பகத்துக்கு. ஒரு படி, 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' நிறுவனத்தாரிடம் கேட்டுப் பார்ப்போம். குடியுரிமை வழக்காடும் வழக்கறிஞர்களுக்கும் அவை பயன்படும்: எந்த ஆண்டு வந்தார்கள், பாட்டன் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த ஊரிலிருந்து போனான் என்பதெல்லாம் அதிலே இருக்கும். வர விரும்பும் தோழர்கள் பெயரையும் எந்த ஞாயிறு ஓய்வு என்பதையும் எழுதி அனுப்பலாம். மழைக்கு முன் வாழவந்தான்கோட்டையை முடித்துவிட்டு, அடுத்துக் கொட்டப்பட்டுக்குப் போவதாக எண்ணியிருக்கிறோம்.